பட்டதாரியும் பெரட்டுக் களமும்

கோலசிலாங்கூர் மாவட்டத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பழைய பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் என்றொரு தோட்டம் உண்டு. பெயர் தமிழ்ப் பெயர். ஆயின் அதன் புகழ் தென்னையால் வந்ததன்று. இந்நாட்டில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது, 1917ஆம் ஆண்டில், அத்தோட்டத்தில்தான். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். 'மலேசி' என்னும் நாவலுக்காக 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றவரும் அவரே. இலக்கிய மாணவர் அவரை நாவலாசிரியராக அறிவர். வேளாண்மை மாணவர் தோட்டக்காரராக அறிவர். இரண்டும் ஒருவரே என்பதை அறிந்தோர் சிலரே. இங்கிலாந்தில் பள்ளியாசிரியராக இருந்துவிட்டு மலாயாவுக்கு வந்த அவரிடம் வேளாண்மைப் பட்டம் எதுவும் இல்லை.

அவர் செம்பனை நட்ட பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே, 1931இல், செர்டாங்கில் வேளாண்மைப் பள்ளி திறக்கப்பட்டது. அது 1947இல் கல்லூரியாயிற்று. 1971இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைப் புலத்தோடு இணைந்து மலேசிய வேளாண்மைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 1997இல் புத்ரா மலேசியப் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாறிற்று. பெயரிலிருந்து வேளாண்மை நீங்கியதைச் சிலர் வருத்தத்தோடு குறிப்பிடுவதுண்டு. அதைவிட ஆழ்ந்து ஆராயத்தக்கது, வேளாண்மைப் பட்டம் பெற்று வெளியேறுவோனிடம் என்னென்ன தகைமைகள் இருத்தல் வேண்டும் என்று கல்வியுலகம் இன்று எழுதி வைத்திருக்கும் பட்டியலாகும்.

மலேசியத் தகுதிக் கட்டமைப்பு 2007இல் எட்டுக் கற்றல் துறைகளை வகுத்தது. அதன் இரண்டாம் பதிப்பு அவற்றை ஐந்து தொகுதிகளாகச் சுருக்கிற்று: அறிவும் புரிதலும், சிந்தனைத் திறன், பணிசார் திறன்கள், தன்னாளுமையும் தொழில்முனைவும், அறமும் தொழில்நெறியும். எந்தத் துறையில் பட்டம் பெறினும் இவற்றுக்கு ஏற்பவே கற்றல் இலக்குகள் எழுதப்படுகின்றன. வேளாண்மைக்கும் அதுவே விதி. இம்முறையால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. முன்னெல்லாம் பாடத்திட்டம் என்பது ஆசிரியர் எதைக் கற்பிப்பார் என்பதை மட்டுமே கூறிற்று. மாணவன் எதைச் செய்ய வல்லவனாவான் என்னும் வினாவை எழுப்பியது இப்புதிய முறையே.

ஆயினும் இப்பட்டியலின் மொழியை ஒரு திறனாய்வாளன் கண்கொண்டு நோக்குங்கால் ஒரு குறை புலப்படுகின்றது. 'விளக்குவர்', 'பகுத்தாய்வர்', 'மதிப்பிடுவர்', 'வடிவமைப்பர்' என வரிசையாக வினைமுற்றுகள் வருகின்றன. புளூம் என்னும் அமெரிக்கக் கல்வியாளரும் அவர்தம் குழுவினரும் 1956இல் வெளியிட்ட வகைப்பாட்டின் வழிவந்தவை இவை. ஆசிரியர்களுக்கு நன்கு பழக்கமானவை. இவ்வினைகளுக்கெல்லாம் எழுவாய் பட்டதாரி ஒருவனே. வயலில் அவனோடு நிற்கும் தொழிலாளி எழுவாயாகவும் வருவதில்லை, செயப்படுபொருளாகவும் வருவதில்லை. மண், பயிர், பூச்சி, சந்தை யாவும் உண்டு, ஆள் இல்லை.

பட்டம் பெற்றவன் தோட்டத்தில் சேர்ந்தால் முதலிற் பெறும் பதவி சின்னத்துரையுடையது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது அவன் நாளின் தொடக்கம். பழுத்த குலை எது, பழுக்காத குலை எது என்பது அன்றே அவன் முன் நிற்கும் வினா. மலேசியச் செம்பனை வாரியத்தின் தர விதிப்படி, குறைந்தது 10 பழங்கள் உதிர்ந்த புதிய குழிகளைக் காட்டும் குலையே பழுத்த குலை. இவ்விதியைப் பட்டதாரி புத்தகத்தில் கற்றிருப்பான். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அரிவாளை உயர்த்துபவன் இருபது ஆண்டுகளாக அதைச் செய்து வருபவன். இவ்விருவருள் எவன் மற்றவனுக்கு ஆசிரியன் என்பதைக் கற்றல் இலக்கு கூறவில்லை.

இப்பட்டியலின் ஐந்து தொகுதிகளும் மெய்யாகவே ஒன்றுகூடிய ஒரு நிகழ்ச்சி இந்நாட்டு வரலாற்றிலேயே உண்டு. 1981க்கு முன் செம்பனைத் தோட்டங்களில் மகரந்தச் சேர்க்கை மனிதக் கையால் நிகழ்ந்தது. ஆண்பூவின் மகரந்தத்தை டால்க் தூளோடு கலந்து, மலர்ந்த பெண்பூக்களைத் தேடித் தேடி ஊதுவர். நாள் தவறினால் பூ வீணாகும். ஆகவே ஒரே நிரைக்கு மீண்டும் மீண்டும் வரவேண்டும். பெண்கள் பலர் இவ்வேலையால் பிழைத்தனர். செம்பனையின் மகரந்தம் காற்றினால் பரவுவது என்பதே அந்நாளைய நூற்கொள்கை.

மலாயாவிலும் பின்னர்க் கெமரூனிலும் தோட்டப் பணியாற்றிய லெஸ்லி டேவிட்சன் என்பார் இக்கொள்கையை ஐயுற்றார். ஆப்பிரிக்காவில் எவரும் ஊதாமலே காய் நன்கு பிடிப்பதையும், ஆண்பூக்களில் சிறு வண்டுகள் மொய்ப்பதையும் அவர் கண்டார். ரஹ்மான் சையது என்னும் பூச்சியியலறிஞர் கெமரூனில் ஆய்ந்து, அவ்வையம் சரியே என நிறுவினார். பின்னரும் அவசரப்படவில்லை. அவ்வண்டு பிற பயிர்களைக் கெடுக்குமா என்று சோதித்துத் தெளிந்த பின்னரே 1981 பிப்ரவரியில் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றில் அதனை விடுவித்தனர். வண்டு விரைந்து தீபகற்பமெங்கும் பரவிற்று. காய்ப்பு மிகுந்தது, கையால் ஊதும் வேலை மறைந்தது.

இந்நிகழ்ச்சியில் அறிவு உண்டு. ஆயின் நூலறிவை ஐயுற்ற கண் அதற்கு முன்னதாக உண்டு. ஆய்வுத் திறன் உண்டு. பிற பயிர்க்குத் தீங்கு நேருமோ எனத் தயங்கிய அறம் அவ்வாய்வின் உள்ளேயே உண்டு. தனிப்பாடமாக, இறுதிப் பருவத்தில், இரண்டு புள்ளிக்குரிய விரிவுரையாக அறம் அங்கே நிற்கவில்லை. இவ்வாறு ஒன்றினுள் ஒன்றாய்க் கலந்து நின்றவற்றைப் பிரித்துத் தனித்தனி எண் இட்டு அளப்பதே இற்றைப் பட்டியலின் அடிப்படைத் தவறு. அளப்பது எளிதாகின்றது, அளக்கப்படுவது வேறொன்றாகிவிடுகின்றது.

மற்றொன்றும் எண்ணற்பாலது. வண்டு வந்ததால் தோட்டம் செழித்தது என்று நூல்கள் எழுதும். மகரந்தம் ஊதிய பெண்களுக்கு அதன்பின் என்ன வேலை கிடைத்தது என்னும் வினா வேளாண்மை நூலில் இடம்பெறுவதில்லை. அவ்வண்டைக் கொணர்ந்தது தவறென்று எவரும் கூறார். ஒரு புதுமை எவர் கூலியைத் தொடுகின்றது என்று கேட்கத் தெரிந்த பட்டதாரியை உருவாக்குவது எந்தத் தொகுதியின் பொறுப்பு என்பதே கேள்வி. 'சமூகப் பொறுப்பு' என்ற சொல் பட்டியலில் இருக்கத்தான் செய்கின்றது. அச்சொல்லுக்குச் சான்றாகப் பெரும்பாலும் காட்டப்படுவது ஊர்த் துப்புரவுப் பணியும் மரக்கன்று நடுதலுமே!

கோலசிலாங்கூர் இத்தகைய வினாக்களுக்கு வளமான களம். கம்போங் குவாந்தானில் ஆற்றங்கரை பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒருசேரக் கண்சிமிட்டுவதைக் காண வெளிநாட்டாரும் வருகின்றனர். மின்மினி ஒளிர்வது மரத்தில். அதன் புழுப்பருவமோ கரையோர ஈரமண்ணில் நத்தைகளை உண்டு கழிகின்றது. தோட்டம் நீர்விளிம்பு வரை நெருங்கினால், பூச்சிமருந்து ஆற்றில் கலந்தால், மரம் நின்றாலும் ஒளி நில்லாது. செம்பனையின் விளைச்சலை மட்டும் கற்றவன் தோட்ட எல்லைக் கல்லோடு தன் பொறுப்பு முடிந்ததென்று கருதுவான். இம்மாவட்டத்தின் கடலோரக் களிமண்ணும் சதுப்பும் கரிமண்ணும் ஒவ்வொன்றும் வெவ்வேறு மேலாண்மை வேண்டுபவை. முன்பு தென்னை நின்ற கடலோர நிலத்தில் செம்பனை நட்டால் கானோடெர்மா என்னும் அடித்தண்டழுகல் விரைவில் தாக்குவதும் அறிந்ததே. அங்கே நிலத்தின் பழங்கதையைக் கேட்டறியாமல் கன்று நடுபவன் நோயையும் சேர்த்து நடுகின்றான். அப்பழங்கதையை நிலப்படம் சில வேளை கூறும். அங்கேயே பிறந்து வளர்ந்த முதியவர் எப்போதும் கூறுவார்.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன தொடர்பு எனின், தொடர்பு உண்டு. உழவைப் போற்றும் குறளதிகாரம் பள்ளி விழாக்களில் தவறாது ஒலிக்கின்றது. அதே மேடையில், நன்றாகப் படிக்காவிடில் தோட்டத்திலேயே கிடப்பாய் என்னும் அச்சுறுத்தலும் ஒலிக்கின்றது. தோட்டத்துத் துயரை அறிந்த பெற்றோர் அவ்வாறு கூறுவதில் வியப்பில்லை. ஆனால் அதன் விளைவாக, தாய் தந்தையர் மண்ணைப் பற்றி அறிந்திருந்தவை கல்வியல்ல என்ற எண்ணமே பிள்ளையின் நெஞ்சில் வேரூன்றுகின்றது. வேளாண்மைப் பட்டத்திற்கு விண்ணப்பிக்கத் தகுதியுடைய தோட்டத்துப் பிள்ளை, அப்படிப்பைத் தன் வீட்டார் விட்டு ஓடிய தொழிலாகக் காண்கின்றான். தோட்டம் காணாத நகரத்துப் பிள்ளை அதைக் கற்றுச் சின்னத்துரையாக வருகின்றான். முன்னவனிடம் ஏற்கெனவே இருந்த கண்ணைப் பின்னவனுக்கு உண்டாக்கப் பல்கலைக்கழகம் சில வாரப் பயிற்சிக் காலம் ஒதுக்குகின்றது.

பணிசார் திறன்களுள் 'தகவல் தொடர்பு' என்பதும் ஒன்று. திரையில் படங்காட்டி, பத்து நிமிடம் பேசி, மதிப்பெண் பெறுவதே அதன் தேர்வு. பழைய வெள்ளைக்காரத் துரைமார் கூலிகளிடம் வேலை வாங்குவதற்காகவேனும் தமிழ் பேசக் கற்றனர். அவர்கள் கற்ற தமிழ் பெரும்பாலும் ஏவல் வினையாகவே இருந்தது. இன்று அதே நிரைகளில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் வேலை செய்கின்றனர். குலை பழுத்ததென அவர்கள் எதைக் கொண்டு அறிகின்றனர், மருந்தடித்த மாலையில் கை ஏன் எரிகின்றது என்பவற்றை அவர்கள் வாயிலிருந்து கேட்டறிந்து வர ஒரு மாணவனை அனுப்பும் தேர்வு எந்தப் பாடத்திட்டத்திலும் இன்னும் எழுதப்படவில்லை.