வண்ணப் படத்தில் விடுபட்ட ‘ஏன்?’

பள்ளிச் சுவரில் தொங்கும் அந்த உலகப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மழைக்காடு கரும்பச்சை, புல்வெளி இளம்பச்சை, பாலைவனம் மஞ்சள், வடதுருவத்தை அடுத்த தூந்திரா சாம்பல். நிலத்தின் பல்லுயிர்த் தொகுதிகளைக் குழந்தைகள் அறிவது பெரும்பாலும் இதன் வழியேதான். துணைக்கு ஓர் அட்டவணையும் உண்டு: பாலைவனத்துக்கு ஒட்டகம், தூந்திராவுக்குப் பனிமான். தேர்வில் ‘பொருத்துக’ என்று கேட்பார்கள், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்.

உலகை ஒரே பார்வையில் காட்டும் அந்தப் படத்தின் மீது எனக்குக் குறையில்லை. அதை வைத்துக்கொண்டு நாம் ‘ஏன்’ என்று கேட்காததுதான் குறை.

படத்தில் 25 பாகை வட அகலாங்கில் விரலை வைத்து மேற்கிலிருந்து கிழக்கே நகர்த்துங்கள். முதலில் சகாரா வரும். அங்கே பல இடங்களில் ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் மழைகூடக் கிடையாது. அதே கோட்டில் மேகாலயத்தின் மௌசின்ராம் வரும்போது மழை 11,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது! வெயில் இரண்டிடத்திலும் ஏறக்குறைய ஒரே சாய்வில்தான் விழுகிறது. பிறகு ஏன் இந்த வேறுபாடு? நிலநடுக்கோட்டருகே சூடாகி மேலெழும் காற்று அங்கேயே மழையைக் கொட்டிவிட்டு, உலர்ந்த காற்றாக ஏறத்தாழ 30 பாகையை ஒட்டிய பகுதிகளில் கீழிறங்குகிறது. இறங்கும்போது அழுத்தம் மிகுவதால் அது சூடேறும். (சைக்கிள் பம்பில் காற்றடித்தவருக்கு இது புதிதல்ல.) சூடேறிய காற்றில் மேகம் தங்காது, ஆகவே சகாரா. மேகாலயத்திலோ, வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் பருவக்காற்றை மலை வழிமறித்து மேலே தள்ளுகிறது. இந்த இரண்டையும் புரிந்துகொண்ட குழந்தைக்கு மஞ்சளும் பச்சையும் மனப்பாடச் செய்திகளாக இரா.

‘பாலைவனம்’ என்றவுடன் மணலை வரையும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். சகாராவிலேயே மணல் மூடிய பரப்பு கால் பங்குதான். மற்றது பாறையும் சரளையும். ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெறும் லே நகரம் குளிர்ப் பாலைவனத்தில் இருக்கிறது. பரப்பில் சகாராவை மிஞ்சும் அண்டார்டிகாவும் பாலைவனமே. ஒட்டகத்தைக் கொண்டு விளக்கினால் இவை விளங்குமா?

அமெரிக்கச் சூழலியலறிஞர் இராபர்ட் விட்டேக்கர் வரைந்த வரைபடம் ஒன்று உண்டு. ஓர் அச்சில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை, மற்றதில் ஆண்டு மழை. நிலத்தொகுதிகள் அதற்குள் அடங்கிவிடும். எட்டாம் வகுப்பு மாணவனே இதை வரையலாம். இன்னொரு கணக்கும் செய்யலாம். உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 பாகை குறையும். கோவை 411 மீட்டர், உதகை 2,240 மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 12 பாகை வேறுபாடு வரும். உண்மை நிலவரமும் அதை ஒட்டியே இருக்கிறது.

அந்த வரைபடமும் முழு விடையாகாது. குறிப்பிட்ட அளவு வெப்பமும் மழையும் உள்ள இடத்தில் காடும் வரலாம், புல்வெளியும் வரலாம் என்று விட்டேக்கரே அதில் தனிக்கோடிட்டுக் காட்டியிருக்கிறார். தீ, மண், மேயும் விலங்கு ஆகியவையும் முடிவு செய்கின்றன. பாடங்கள் பெரும்பாலும் கைவிடும் இடம் இதுதான். அதன் விளைவை நம் நீலகிரியில் காணலாம். அங்கே மடிப்புகளில் சோலைக்காடும் சரிவுகளில் புல்வெளியும் இயல்பாகவே அமைந்தவை. உறைபனி மரக்கன்றுகளைக் கொல்வது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அம்மலைச் சதுப்பு மண்ணை ஆய்ந்து 1993இல் வெளியான கட்டுரை, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குப் புல் பரவியிருந்ததைக் காட்டியது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் வந்த ஆங்கிலேயருக்கு அது மரமில்லாத வெற்றிடம். ஆஸ்திரேலியச் சீகையும் தைலமரமும் நட்டார்கள். விடுதலைக்குப் பின் நாமும் தொடர்ந்தோம். வரையாட்டின் மேய்ச்சல் நிலம் சுருங்கியது. இன்று அந்தச் சீகையை வெட்டி அகற்றப் பாடுபடுகிறோம்.

‘மரம் நடுவோம்’ என்று பேச்சுப்போட்டி வைக்கும் பள்ளிகள், எங்கே நடக்கூடாது என்றும் ஒரு வினா கேட்கலாம். அதற்கான விடை அந்தச் சுவர்ப்படத்தின் இளம்பச்சையில் இருக்கிறது.