மூலதனமும் மாற்றுமதிப்பும்: ஜொகூர்த் தோட்டத் தமிழரை முன்வைத்து ஒரு மறுமதிப்பீடு

முன்னுரை

மலேசியத் தமிழரின் பின்னடைவு குறித்த உரையாடல்கள் பெரும்பாலும் இரண்டு விளக்கங்களுள் ஒன்றில் சென்று முடிகின்றன. உழைப்பும் ஒற்றுமையும் போதவில்லை என்பது மேடைகளில் கூறப்படும் விளக்கம். தோட்டத்துப் பிள்ளைகளிடம் பண்பாட்டு மூலதனம் இல்லை என்பது கல்வியாளர் கூறும் விளக்கம். பின்னது பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியுவின் கலைச்சொல்லைக் கையாளுவதால் ஆய்வுத் தகுதி உடையதாகத் தோன்றுகிறது. ஆயினும் இரண்டுமே குறையைத் தொழிலாளியின் வீட்டிற்குள் தேடுகின்றன. இவ்வணுகுமுறை பூர்தியுவின் கருத்தோடும் பொருந்தவில்லை. ஜொகூர்த் தோட்டத் தமிழரின் வரலாற்றோடும் பொருந்தவில்லை. இதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருத்தாக்கமும் அதன் பிழையான பயன்பாடும்

1986ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்த 'மூலதனத்தின் வடிவங்கள்' என்னும் கட்டுரையில் பூர்தியு பொருளியல், பண்பாட்டு, சமூக மூலதனங்களை வேறுபடுத்திக் காட்டினார். பேச்சு, பழக்கம், ரசனை என ஒருவரின் உடலில் ஊறியவையும், நூல் முதலிய பொருள்களும், நிறுவனங்கள் வழங்கும் சான்றிதழ்களும் பண்பாட்டு மூலதனத்தின் மூன்று நிலைகள். நீடித்த உறவுகளின் வழியாக ஒருவருக்குக் கிட்டும் வளமே சமூக மூலதனம். இவ்வகைப்பாட்டை நம்மவர் பலரும் எடுத்தாண்டுள்ளனர். ஆனால் ஒரு வகை மூலதனம் மற்றொன்றாக மாற்றப்படுகிறது என்பதும், அம்மாற்றத்திற்குரிய மதிப்பை அந்தந்தக் களமே வரையறுக்கிறது என்பதும் அக்கட்டுரையின் உயிர்நாடி. அதனை விடுத்து 'உண்டு', 'இல்லை' என்று மட்டும் கணக்கெடுப்பது கருத்தாக்கத்தின் பாதியைக் கைவிடுவதாகும்.

ஜொகூர் மக்களுக்கு இதனை விளக்குவது எளிது. மலேசிய, சிங்கப்பூர் நாணயங்களைச் சம மதிப்பில் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு 1973இல் முடிவுற்றது. அண்மை ஆண்டுகளில் ஒரு சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு மூன்று ரிங்கிட்டைத் தாண்டியுள்ளது. பாலத்தைக் கடந்து சென்று செய்யும் அதே வேலைக்குக் கூடுதல் மதிப்புக் கிடைப்பதால் அத்தொழிலாளியின் திறமை திடீரெனப் பெருகிவிட்டது என்று எவரும் கூறுவதில்லை. பிள்ளைகளின் கல்வி குறித்துப் பேசும்போது மட்டும் இந்தத் தெளிவு நம்மிடம் மறைந்துவிடுகிறது.

ஒரே மொழி, மூன்று நிலைகள்

மலாயாவிற்கு வந்த தமிழ் பேசுவோருள் மூன்று பிரிவினரை ஒப்பிட்டு நோக்குவது இங்குப் பயன் தரும். மூவார் முதலிய ஊர்களில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், கிட்டங்கியையும் கோயிலையும் மையமாகக் கொண்ட உறவு வலையுடன் வந்தனர். நடப்பு வட்டியை அவர்கள் கூடி முடிவு செய்தனர். ஒருவருக்கொருவர் கடன் கொடுத்து உதவினர். பெட்டியடிப் பையனாக வந்த இளைஞனுக்குத் தொழில் கற்பித்தனர். அவர்களின் உறவு நேரடியாகப் பணமாக மாறியது.

யாழ்ப்பாணத் தமிழர் மற்றொரு வகையினர். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிகள் 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக் கூடம் ஒன்றை நிறுவினர். இத்தகைய கல்வி மரபில் பயின்றோர் ஆங்கிலச் சான்றிதழோடு வந்து, மலாயா இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் பணியேற்றனர். அச்சான்றிதழின் மதிப்பைக் காலனிய ஆட்சியின் தேவையே நிர்ணயித்தது.

1909இல் நிறைவுற்ற ஜொகூர் இருப்புப் பாதையை ஒட்டி லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் எனப் பரவிய இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தோர் மூன்றாம் பிரிவினர். இவர்களிடம் உறவு வலை இல்லை என்று கூறுதல் இயலாது. கங்காணி முறையே உறவினர், ஊரார், சாதியார் என்னும் பிணைப்பின் மீது கட்டப்பட்டதுதான். ஆனால் அப்பிணைப்பு கங்காணிக்குத் தலைக்காசாகவும் தோட்ட நிர்வாகத்திற்கு நிலையான ஆள்பலமாகவும் மாறியது; தொழிலாளிக்கோ முன்பணக் கடனாக மாறியது. அவரிடம் இருந்த சமூக மூலதனத்தின் பயனைப் பிறரே பெற்றனர்.

சமூக மூலதனத்தைப் பெரும்பாலும் நன்மையாகவே கருதிய கோல்மன் (1988), புட்னம் (2000) ஆகியோரின் விளக்கம் இவ்விடத்தில் போதுமானதாக இல்லை. உள்ளிணைக்கும் உறவையும் வெளியாரோடு பாலமாகும் உறவையும் புட்னம் வேறுபடுத்தியது உண்மையே. எனினும் அப்பாலத்தின் சுங்கத்தை யார் வசூலித்தார் என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

தோட்டப் பள்ளி

கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என விதித்தது. ஜொகூரிலும் தோட்டப் பள்ளிகள் தோன்றின. கிராணியோ கங்காணியோ ஆசிரியராக அமர்ந்த பள்ளிகள் பல. அவை வழங்கிய கல்வி தோட்டத்திற்கு வெளியே எந்தக் கதவையும் திறக்கவில்லை. விடுதலைக்குப் பின்னரும், 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ், தமிழ்க்கல்வி தொடக்கப்பள்ளியோடு நின்றது. இடைநிலைப்பள்ளிக்குச் செல்வோருள் மலாய்மொழித் தேர்ச்சி போதாதவர்கள் 'ரிமூவ்' வகுப்பில் ஓராண்டு கூடுதலாகக் கழிக்க நேர்ந்தது. ஆறாண்டுக் காலம் ஈட்டிய பண்பாட்டு மூலதனம் களம் மாறியதும் மதிப்பிழந்ததற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

மாற்று நிறுவனங்கள்

தொழிலாளரின் உறவும் நம்பிக்கையும் அவர்களுக்கே பயன்பட்ட சான்றுகளும் உள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது. அதற்கு முன்னர், 1950களில், கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' வழியாகத் 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி எனச் சாதாரண மக்கள் வழங்கிய பணம், 1956இல் தொடங்கப்பெற்ற மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தமிழ் நூலகத்திற்கு அளிக்கப்பட்டது. 'ஒற்றுமை இல்லை' என்னும் மேடைக் கூற்றுக்கு இவ்விரண்டுமே மறுப்பு. நம்பத்தக்க நிறுவனம் அமைந்தபோது உறவு மூலதனமாக மாறியது. 1982இல் தொடங்கப்பெற்ற மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனத்தில் பல்லாயிரம் குடும்பங்கள் முதலிட்டு ஏமாற்றமடைந்தன என்பதும் இதே உண்மையை மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. அங்குக் குறைந்தது மக்களின் நம்பிக்கை அன்று.

நமது பங்கு

நம் துறைசார்ந்தோர் இவ்விடத்தில் தம்மையும் ஆராய்தல் வேண்டும். தமிழ்க் கல்விப்புலமும் ஒரு களமே. அதுவும் மாற்றுமதிப்பை வரையறுக்கிறது. தோட்டத்துப் பாட்டி பாடும் தாலாட்டும் ஒப்பாரியும் நம் கையில் நாட்டார் வழக்காற்று ஆய்வாகிப் பட்டமாகவும் பதவி உயர்வாகவும் மாறுகின்றன. அப்பாட்டியின் பேரன் அதே மொழியில் வகுப்பறையில் பேசினால் அது கொச்சை எனத் திருத்தப்படுகிறது. ஒரே சொல்வளம் ஆய்வேட்டில் செல்வமாகவும் விடைத்தாளில் பிழையாகவும் எண்ணப்படுகிறது. எழுத்துத்தமிழைக் கற்பிக்க வேண்டியது நம் கடமை என்பதில் ஐயமில்லை. மாணவனிடம் ஏற்கெனவே உள்ளதை வெறுமையாகக் கருதிக் கற்பிப்பதே இங்கு மறுக்கப்படுகிறது.

முடிவுரை

இன்று ஜொகூரில் தோட்டங்கள் பல செம்பனைக்கும், 2006இல் தொடங்கிய இஸ்கந்தர் மலேசியா திட்டம் போன்ற நகர வளர்ச்சிக்கும் இடம் கொடுத்துவிட்டன. லயங்களில் நிலவிய உறவு மலிவு விலை அடுக்குமாடிகளில் சிதறுண்டுள்ளது. இச்சூழலில் 'இப்பிள்ளையிடம் என்ன இல்லை' என்று கேட்பதைக் காட்டிலும், 'இப்பிள்ளையிடம் உள்ளது எங்கே மதிப்பிழக்கிறது, அதனை மாற்றித் தரும் இடம் எது' என்று கேட்பதே ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் பயன்தரும். ஒவ்வொரு தமிழாசிரியரின் வகுப்பறையும் அத்தகைய ஓர் இடம். தோட்டத் தொழிலாளரின் ஒரு வெள்ளியும் சேர்ந்து உருவான நூலகத்தில் பயின்றவர்கள் நாம். அவ்வெள்ளிக்கு அவர்தம் பேரப்பிள்ளைகள் பெற வேண்டிய ஈடு இன்னும் நம்மிடம் நிலுவையில் உள்ளது.