லாரன் கேமரனின் உருவப்படங்கள்: உடலும் ஒளிப்படமும்

லாரன் கேமரன் (1959–2022) அமெரிக்க ஒளிப்படக்கலைஞர், திருநம்பி. சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த அவர் தம்மையும் பிற திருநம்பிகளையும் எடுத்த படங்கள் ‘பாடி ஆல்கெமி’ என்னும் நூலாக 1996-இல் வெளிவந்தன. ‘உடலின் ரசவாதம்’ என்று அத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம். திருநம்பிகளைத் திருநம்பி ஒருவரே படம்பிடித்து வெளியிட்ட முன்னோடி நூல் இது.

அதற்கு முன்பு இத்தகைய உடல்கள் பெரும்பாலும் மருத்துவ நூல்களில்தான் இடம்பெற்றன. அங்கே கண்கள் மறைக்கப்பட்டிருக்கும், பெயர் இராது. அறுவை நடந்த இடம் மட்டும் தெளிவாகத் தெரியும். அதாவது ஆள் இல்லை, சான்று மட்டுமே உண்டு. கேமரனின் நூலிலும் அறுவைச் சிகிச்சையின் விளைவுகளைக் காட்டும் ஒரு பகுதி உள்ளது. ஆனால் ‘ஃபெல்லாஸ்’ என்னும் பகுதியில் ஒவ்வொருவரும் முகம் காட்டி நிற்கிறார்கள். படத்துடன் அவரவர் சொற்களும் அச்சாகியுள்ளன. பார்க்கப்படுபவரே பேசவும் செய்கிறார் என்பதே இங்கு ஏற்பட்ட மாற்றம்.

‘காட்ஸ் வில்’, அதாவது ‘கடவுளின் சித்தம்’, என்ற தலைப்பிலான தற்படங்கள் நூலின் உச்சம். ஆடையின்றி நிற்கும் கேமரன் ஒரு படத்தில் ஊசியையும், இன்னொன்றில் அறுவைக் கத்தியையும், மற்றொன்றில் உடற்பயிற்சி எடையையும் ஏந்துகிறார். மறு கையில் கேமராவை இயக்கும் ரப்பர் குமிழ் இருக்கிறது. தற்படம் எடுப்பவர்கள் வழக்கமாக மறைத்துவிடும் அந்தக் குமிழை அவர் மறைக்கவில்லை. இந்த உடலை ஆக்கியதில் தம் பங்கு உண்டு என்பதையும், இந்தப் படத்தை எடுத்ததும் தாமே என்பதையும் அவர் ஒருசேரச் சொல்கிறார். தலைப்பின் கிண்டல் இதனால்தான் கூர்மை பெறுகிறது.

இப்படங்களுக்குள் ஒரு சிக்கலும் உண்டு. திருநம்பி ஒருவர் ஆணாக இயல்பாக ஏற்கப்படும்போது, அவர் திருநம்பி என்பது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அதைக் காட்டவேண்டுமானால் தழும்பையோ ஆடையற்ற உடலையோ காட்டவேண்டும். அல்லது எழுத்தால் சொல்லவேண்டும். ஒளிப்படத்தால் மட்டும் முடியாததை முடிக்கவே கேமரன் சொற்களைத் துணைக்கழைத்தார். ‘டிஸ்டார்ஷன்ஸ்’ என்னும் தொடரில் அவர் முகத்தைச் சுற்றிச் சட்டம்போல எழுத்துகள் ஓடுகின்றன. அவை பிறர் அவரைப் பார்த்துச் சொல்லக்கூடியவை: ஐயம், இழிவு, அருவருப்பு, வேட்கை. ஏச்சு நாற்புறமும் சூழ, நடுவில் உள்ள முகம் அமைதியாக நம்மைப் பார்க்கிறது.

நூலின் குறை அதன் வலிமையோடு பிணைந்தே இருக்கிறது. மாற்றத்திற்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் அருகருகே வைக்கும் பகுதி, பாலின மாற்றத்தை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் செல்லும் பயணமாக்குகிறது. முறுக்கேறிய தசைகளும் உறுதியான நிலையும் பழைய ஆண்மை இலக்கணத்தையே நினைவூட்டுகின்றன. ஆண், பெண் என்னும் இருமைக்குள் அடங்காதவர்களுக்கு, மறு கரையை நாடாமல் நடுவிலேயே வாழ விரும்புபவர்களுக்கு, இந்த அமைப்பில் இடம் குறைவு.

இதற்கு மாற்றாக கேத்தரின் ஓபி 1991-இல் எடுத்த ‘பீயிங் அண்ட் ஹேவிங்’ தொடரைச் சொல்லலாம். மஞ்சள் பின்னணியில் 13 நெருக்கமான முகங்கள். ஓபியும் அவருடைய லெஸ்பியன் தோழமை வட்டத்தினரும் ஒட்டு மீசையுடன் தோன்றுகிறார்கள். மீசை ஒட்டப்பட்டது என்பது உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கே ஆண்மை அணியவும் கழற்றவும் கூடிய ஒன்று. கேமரனுக்கோ அது வேடம் அன்று. வலியோடு பெற்ற உடல். ஓபியின் விளையாட்டு பாலினத்தை நெகிழ்த்துகிறது. ஆனால் அந்த விளையாட்டை மட்டுமே விடுதலையாகக் கொண்டால், உடலை மாற்றிக்கொண்டே தீரவேண்டியிருந்தவரின் தேவை கண்ணில் படாமல் போகும்.

ஆகவே கேமரனின் ஆண்மை மரபானது என்று சொல்லி அவரை ஒதுக்குவது எளிது, நியாயம் அன்று. பிறர் எடுத்த படங்களில் பெயரின்றிக் கிடந்த ஒரு கூட்டத்திற்கு முதல் தேவை, தாம் இருக்கிறோம் என்று தம் முகத்தோடு சொல்வதே. இருமையைக் கலைக்கும் பிற்கால உருவப்படங்களில் மனிதர்கள் எதையும் மெய்ப்பிக்காமல் வெறுமனே நிற்க முடிகிறதென்றால், மெய்ப்பிக்கும் சுமையை முன்பே சுமந்தவர்களில் ஒருவர் கேமரன்.