இரு மொழிகளின் வழக்கு

மொழிகளை ஒப்பிடப் புகுவோர் பெரும்பாலும் கையில் தராசுடனேயே வருகின்றனர். எது இனியது, எது வளமுடையது, எது கவிதைக்குரியது என்று நிறுத்துத் தீர்ப்பு வழங்கிவிடுகின்றனர். அத்தகைய தீர்ப்புகள் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதைச் சோதிக்க, ஒன்றோடொன்று உறவே இல்லாத இரு மொழிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று மத்திய ஐரோப்பாவின் செக் மொழி. மற்றொன்று மத்திய ஆசியாவின் உஸ்பெக் மொழி.

செக், ஸ்லாவியக் குடும்பத்தது. மூன்று பால், ஏழு வேற்றுமை. எண்ணும் வேற்றுமையும் ஒரே விகுதிக்குள் கரைந்து நிற்கும். உஸ்பெக், துருக்கியக் குடும்பத்தது. சொல்லின் பின்னே உருபுகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஒட்டிச் செல்லும். 'நம் நூல்களில்' என்பதை உஸ்பெக்கியர் 'கிதோப்லரிமிஸ்தா' என ஒரே சொல்லில் முடிப்பர். 'கிதோப்' நாம் கிதாபு என்று வழங்கும் அதே அரபுச் சொல், 'லர்' பன்மை, 'இமிஸ்' நம்முடைய, 'தா' இல். தமிழறிந்தவர்க்கு இவ்வமைப்பு அயலாகத் தோன்றாது. செக் மொழியிலோ இதற்கு மூன்று சொற்கள் வேண்டும்.

ஆயினும் உஸ்பெக் எல்லா வகையிலும் நமக்கு நெருங்கியது என எண்ணிவிடலாகாது. 'யோஸ்தி' என்றால் எழுதினான், எழுதினாள் இரண்டுமே. செக் மொழியில் ஆண் எழுதினால் 'ப்ஸல்', பெண் எழுதினால் 'ப்ஸலா'. இங்கே தமிழுக்கு நெருங்கி நிற்பது செக்கே. இலக்கணம் இவ்வாறு வேற்றுமைகளைக் காட்டுமேயன்றி, உயர்வு தாழ்வைக் காட்டாது.

இவ்வளவு வேறுபட்ட இம்மொழிகள் இரண்டும் ஒரே பழியைச் சுமந்தன என்பதுதான் வியப்பு. துருக்கி மொழி கவிதைக்கு உதவாது, பாரசீகமே அதற்குரியது என்று ஹிராத் நகரத்துப் புலவர் பலர் கருதினர். 1620இல் வெள்ளைமலைப் போரில் பொஹீமியர் தோற்றபின், செக் மொழி மெல்ல மெல்ல உழவர் மொழியெனத் தாழ்த்தப்பட்டது. கல்வியும் ஆட்சியும் ஜெர்மன் மொழிவசமாயின. செக் இலக்கணத்தை ஆழ்ந்து ஆராய்ந்த யோசெப் டொப்ரொவ்ஸ்கியே தம் பெருநூலை 1809இல் ஜெர்மன் மொழியில்தான் வெளியிட்டார். ஆக, பழி பிறந்தது இலக்கணத்திலிருந்து அன்று. ஆட்சிப் பீடத்திலிருந்தும் புலவர் அவையிலிருந்தும் பிறந்தது.

இப்பழிக்கு மறுமொழியாக அலீஷேர் நவாயீ ஹிஜ்ரி 905இல் (1499) எழுதியதே 'முஹாகமத்துல் லுகத்தைன்', அதாவது இரு மொழிகளின் வழக்கு. இன்றைய உஸ்பெக்கின் இலக்கிய முன்னோடியான சகதாய்த் துருக்கியில் அமைந்த நூல் அது. பாரசீகத்தில் நேர்ச்சொல் இல்லாத நூறு துருக்கி வினைகளை அதில் அவர் அடுக்குகிறார்; அழுகையின் பல வகைகளுக்கும் தனித்தனிச் சொற்கள் இருப்பதைக் காட்டுகிறார். வழக்குரைத்தவர் பாரசீகத்தின் பகைவரல்லர், 'ஃபானீ' என்னும் புனைபெயரில் அம்மொழியிலும் கவி பாடியவர், ஜாமீயின் அன்பர்.

நவாயீயின் நோக்கத்தை நாம் போற்றுகிறோம். அவர்தம் வாதமுறையை ஏற்க இயலவில்லை. சொற்களை எண்ணி மேன்மையை நிறுவப் புகுந்தால், எதிர்த் தரப்பும் தன் நூறு சொற்களை எண்ணிக் காட்டும். அந்த வழக்குக்கு முடிவே இராது. அவர் வென்றது வேறிடத்தில். 1483 முதல் 1485 வரை துருக்கியில் ஐந்து காவியங்களை இயற்றி 'கம்ஸா'வை நிறைவு செய்தாரே, அதுவே மறுக்கவொண்ணாத சான்று. செக் அறிஞர் யோசெப் யுங்மன் இந்த இரண்டாம் வழியிலேயே நடந்தார். மில்டனின் 'இழந்த சொர்க்கம்' காவியத்தை 1811இல் செக் மொழியில் தந்தார். 1834 முதல் 1839 வரை ஐந்து தொகுதிகளில் பேரகராதி வெளியிட்டார். மொழியின் ஆற்றலைக் குறித்து வாதிடுவதைவிட அம்மொழியில் ஆக்கிக் காட்டுவதே வலிய வாதம்.

ஆனால் ஆக்கியது வாழவேண்டுமாயின் அதைப் படிப்போர் தொடர்ந்து இருத்தல் வேண்டும். இரு மொழிகளின் ஊழும் பிரிவது இங்கேதான். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், யான் ஹுஸ் இயற்றியதாகக் கருதப்படும் எழுத்திலக்கண நூல், ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்ற நெறியில் இலத்தீன் எழுத்துகளின்மேல் குறியிட வழி காட்டியது. பின்னர்த் திருத்தங்கள் நேர்ந்தனவாயினும் அடிப்படை எழுத்து மாறவில்லை. உஸ்பெக்கிலோ 1929 அளவில் அரபு எழுத்து நீங்கி இலத்தீன் வந்தது. 1940இல் ருஷ்ய எழுத்து வந்தது. 1993இல் சட்டத்தின்வழி மீண்டும் இலத்தீன் வந்தது. 1995இல் அதுவும் திருத்தப்பட்டது.

அரபு எழுத்து உஸ்பெக்கின் உயிரொலிகளைச் செவ்வனே காட்டவில்லை என்ற வாதத்தில் உண்மை உண்டு. எழுத்தறிவு பெருகியதும் உண்மையே. எனினும் விலை சிறிதன்று. அப்துல்லா காதிரீயின் 'கடந்த நாட்கள்' நாவல் 1920களில் அரபு எழுத்தில் அச்சேறியது. ஆசிரியர் 1938இல் சுட்டுக் கொல்லப்பட்டார். வேற்றெழுத்தில் பயின்ற பேரர்கள் அந்த முதற்பதிப்பைக் கையில் ஏந்தலாம், படிக்க இயலாது.

இதை அயலார் கதையென நாம் தள்ளிவிட முடியுமா? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் நம் முன்னோர் அறபுத் தமிழில் எழுதி வைத்தவை எத்தனை! ஓதிப் பழகிய பாட்டிமார் படித்த அந்தக் கிதாபுகள் இன்று பல வீடுகளில் பெட்டிக்குள் உறங்குகின்றன. மொழி நம் தமிழேதான். எழுத்து மட்டுமே திரையாகிவிட்டது. அங்கே சட்டம் செய்ததை இங்கே நம் மறதி செய்தது. படிக்கத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே ஒருவர் வாசிக்க, ஒருவர் தமிழெழுத்தில் பெயர்த்தெழுதிவிடலாமே.

நவாயீ தொடுத்த வழக்கில் எம்மொழி பெரிது என்ற தீர்ப்பை இன்று எவரும் நாடவேண்டியதில்லை. பாட்டன் எழுதியதைப் பேரன் படிக்கும் வரையில் எம்மொழியும் தாழ்ந்ததன்று.