டிப்ளமசி பலகை விளையாட்டு: ஒரு மதிப்பீடு

டிப்ளமசி என்பது ஏழு பேர் கூடி ஆடும் போர் உத்திப் பலகை விளையாட்டு ஆகும். அமெரிக்கரான ஆலன் கால்ஹாமர் (1931–2013) இதனை 1954-இல் வடிவமைத்து, 1959-இல் தம் சொந்தச் செலவில் 500 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்டார். ஹார்வர்டில் படித்த அவர் பிற்காலத்தில் அஞ்சல்காரராகப் பணியாற்றினார். முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பாவே இதன் ஆடுகளம். இதில் பகடையும் இல்லை, சீட்டும் இல்லை. பேச்சும் அந்தப் பேச்சை நம்பிப் படைகளை நகர்த்துவதும் மட்டுமே உண்டு. நண்பர்களைப் பகைவர்களாக்கும் விளையாட்டு என்றும், பொய் பேசப் பழக்கும் விளையாட்டு என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. அப்பெயர் எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆட்டத்தின் அமைப்பு

இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா, துருக்கி ஆகிய ஏழும் ஆட்ட நாடுகள். வரைபடத்தில் 75 பகுதிகள் உள்ளன. அவற்றுள் 34 வழங்கல் மையங்கள். ரஷ்யா நான்கு மையங்களுடனும் மற்ற நாடுகள் மும்மூன்று மையங்களுடனும் ஆட்டத்தைத் தொடங்குகின்றன. எஞ்சிய 12 மையங்கள் பெல்ஜியம், செர்பியா, நார்வே போன்ற நடுநிலை நாடுகளைச் சேர்ந்தவை. ஒரு நாடு எத்தனை மையங்களை வைத்திருக்கிறதோ அத்தனை படைகளையே அது வைத்துக்கொள்ள இயலும். 18 மையங்களைப் பிடிப்பவர் வெற்றி பெறுவார்.

ஆட்டம் 1901-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் தொடங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஆட்டக்காரர்கள் முதலில் தனித்தனியே பேசிக்கொள்வர். பின்னர் அனைவரும் தத்தம் ஆணைகளை மறைவாக எழுதுவர். எல்லா ஆணைகளும் ஒரே நேரத்தில் படிக்கப்பட்டு நிறைவேற்றப்படும். கொடுத்த வாக்கைக் காக்க வேண்டும் என்று விதி எதுவும் கட்டாயப்படுத்துவதில்லை.

படை உத்தி

தரைப்படை, கப்பற்படை என்று இரண்டே வகைப் படைகள் உள்ளன. ஒவ்வொன்றின் வலிமையும் ஒன்றுதான். ஒன்றும் ஒன்றும் மோதினால் இரண்டும் நகராமல் நிற்கும். வெல்ல வேண்டுமானால் பக்கத்திலுள்ள வேறொரு படை ஆதரவு ஆணை தர வேண்டும். அந்த ஆதரவைப் பிற நாட்டுப் படையும் தரலாம். இந்த ஒரு விதியே ஆட்டத்தின் உயிர்நாடி எனலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1901 இலையுதிர் காலத்தில் பிகார்டியிலுள்ள பிரெஞ்சுத் தரைப்படை பெல்ஜியத்துக்குள் நுழைய முனைகிறது. ஹாலந்திலுள்ள ஜெர்மன் கப்பற்படை அதற்கு ஆதரவு தருகிறது. ஆங்கிலக் கால்வாயிலிருந்து இங்கிலாந்தின் கப்பற்படை அதே பெல்ஜியத்தை நோக்கி வந்தாலும், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பிரான்ஸ் வெல்லும். ஆனால் வட கடலிலுள்ள மற்றோர் ஆங்கிலக் கப்பற்படை ஹாலந்தைத் தாக்கினால் ஜெர்மனியின் ஆதரவு அறுந்துவிடும். அப்போது ஒன்றுக்கு ஒன்று என்றாகிப் பெல்ஜியம் யாருக்கும் கிடைக்காமல் போகும்.

இங்கே இங்கிலாந்துக்குக் கூடுதல் வலிமை ஏதும் இல்லை. ஜெர்மனி யாருக்கு வாக்களித்துள்ளது என்பதை அது அறிந்திருந்தது அல்லது சரியாக ஊகித்தது, அவ்வளவே. படை பலத்தைக் கால்ஹாமர் வேண்டுமென்றே எளிமையாக வைத்ததன் காரணம் இதுதான். தனித்து நிற்பவரால் நெடுந்தூரம் போக முடியாது. ஆகவே ஒவ்வொருவரும் பேசியே ஆக வேண்டியுள்ளது.

பேச்சுவார்த்தை

ஆதரவு ஆணையை எழுதுபவர், எந்தப் படை எங்கிருந்து எங்கே செல்கிறது என்பதைச் சரியாகக் குறிப்பிட வேண்டும். தவறாகக் குறிப்பிட்டால் ஆதரவு செல்லாது. எனவே கூட்டாளிகள் தங்கள் உண்மையான திட்டத்தை ஒருவருக்கொருவர் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்படிச் சொன்ன கணமே தம்மைத் தாக்கும் வழியையும் அவர்கள் காட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். உண்மையின்றி முன்னேற முடியாது, உண்மை சொன்னால் ஆபத்து என்ற இந்த நெருக்கடியே ஆட்டத்தின் சிறப்பு.

மோதல்கூட இங்கே உடன்பாடாக அமையலாம். வார்சாவிலிருந்து ரஷ்யாவும் வியன்னாவிலிருந்து ஆஸ்திரியாவும் ஒரே சுற்றில் கலீசியாவுக்குப் படை அனுப்பினால் இருவரும் உள்ளே நுழைய முடியாது. ஒருவரையொருவர் முழுதும் நம்பாத இருவர், முன்கூட்டியே பேசிவைத்து இப்படி மோதிக்கொள்வது வழக்கம். செவஸ்தபோல், அங்காராவிலிருந்து கருங்கடலை நோக்கி ரஷ்யாவும் துருக்கியும் செய்வதும் இதுவே.

பொய் சொல்பவரே வெல்வார் என்ற கருத்து அனுபவமற்ற ஆட்டக்காரரிடம்தான் மிகுதி. முதல் ஆண்டிலேயே முதுகில் குத்துபவருக்கு ஒரு மையம் கிடைக்கலாம். அதன்பின் மற்ற அறுவரில் யாரும் அவருக்கு ஆதரவு ஆணை எழுதத் துணியமாட்டார்கள். ஆதரவில்லாத படை பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே வாக்குத் தவறாமை இங்கே அறம் மட்டுமன்று, முதலீடும்கூட. ஆயினும் வெற்றி ஒருவருக்கே என்பதால், ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி என்ற பழமொழியின் நிலையைக் கூட்டாளிகள் என்றேனும் ஒரு நாள் எட்டிவிடுகிறார்கள்.

வரலாற்றுடன் ஒப்பீடு

வெவ்வேறு நாடுகளின் தாயக மையங்கள் அடுத்தடுத்து அமைந்திருப்பது வெனிஸ், திரியெஸ்தே என்ற ஓரிடத்தில் மட்டுமே. இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையிலான அச்சம் அங்கிருந்தே பிறக்கிறது. 1882 முதல் முக்கூட்டு உடன்படிக்கையில் ஆஸ்திரியாவின் கூட்டாளியாக இருந்த இத்தாலி, 1915 மே மாதத்தில் அதன்மீதே போர் தொடுத்தது. போருக்குப் பின் திரியெஸ்தே இத்தாலியின் கைக்கு வந்தது. இவ்விடத்தில் விளையாட்டு வரலாற்றின் நாடியைச் சரியாகப் பிடித்துள்ளது.

ஆனால் வேறோர் இடத்தில் அது பெரிதும் தவறுகிறது. 1839-இல் வல்லரசுகள் பெல்ஜியத்தின் நடுநிலைமைக்கு உறுதி அளித்திருந்தன. 1914 ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மனி அந்நாட்டுக்குள் நுழைந்ததால் பிரிட்டன் போரில் இறங்கியது. விளையாட்டிலோ பெல்ஜியம் காலியாகக் கிடக்கும் ஒரு மையம் மட்டுமே. முதலில் வருபவர் எடுத்துக்கொள்ளலாம். அதற்காக யாரும் கேள்வி கேட்பதில்லை. 1914 ஜூலை நெருக்கடியின் நடுவில் நின்ற செர்பியாவுக்கும் இங்கே குரல் இல்லை. சிறிய நாடுகள் பெரியவர்களின் கணக்கில் வரும் எண்கள் மட்டுமே என்ற பார்வையைத்தான் வல்லரசுகள் அன்று கொண்டிருந்தன. விளையாட்டு அதனை விமரிசிக்காமல் அப்படியே ஏற்றுக்கொள்கிறது.

போரின் விலையும் இங்கே தெரிவதில்லை. அழிந்த படைக்குப் பதிலாகக் குளிர்காலத்தில் புதிய படை எழுகிறது. மக்கள், பணம், பசி, சாவு எதுவும் கணக்கில் இல்லை.

ஆட்டமுறையின் குறைகள்

ஏழு பேர் பல மணி நேரம் உட்கார வேண்டும். எல்லா மையங்களையும் இழந்தவர் ஆட்டத்திலிருந்து விலகி, மற்றவர்கள் முடிக்கும்வரை சும்மா இருக்க நேர்கிறது. நடுவில் சிக்கிய ஆஸ்திரியாவுக்கும் மூலையிலிருக்கும் துருக்கிக்கும் தற்காப்பு வசதி ஒன்றாக இல்லை. நேரக் குறையை ஓரளவு தீர்த்தது அஞ்சல்வழி ஆட்டம். 1963-இல் ஜான் போர்ட்மன் தொடங்கிய கிராஸ்டார்க் என்ற சிற்றிதழ் அதற்கு வழி வகுத்தது. பின்னர் அந்த இடத்தை இணையம் பிடித்தது.

கணினியின் ஆட்டம்

2022-இல் மெட்டா நிறுவனம் உருவாக்கிய சிசெரோ என்ற செயற்கை நுண்ணறிவு, இணையத்தில் 82 மனிதர்களுடன் 40 ஆட்டங்கள் ஆடியது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியவர்களுள் முதல் 10 விழுக்காட்டில் அது இடம்பெற்றது. பெரும்பாலும் உண்மை பேசும்படியே அதனை உருவாக்கியதாக நிறுவனம் கூறியது. 2024-இல் பேட்டர்ன்ஸ் ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை, ஆட்டப் பதிவுகளைக் காட்டி அதனை மறுத்தது. மனிதர் பேசும் மேசையில் மனிதரைப் போலவே நம்பவைக்கும் பொறி ஒன்று அமரலாம் என்பதை இச்சோதனை காட்டியது. விளையாட்டு முடிந்ததும் பலகையை மடித்துவிடலாம், பொறி கற்றதை அப்படி மடித்துவைக்க இயலாது.

மதிப்பீடு

டிப்ளமசியைப் பொய்க்கான பயிற்சி என்று ஒதுக்குவது பொருந்தாது. பிறர் சொல்வதை எடைபோடவும், அவருக்கு என்ன தேவை என்பதை அவர் இடத்தில் நின்று பார்க்கவும் அது பழக்குகிறது. அதே வேளையில் அதனை வரலாற்றுப் பாடமாகக் கொள்வதும் தவறு. மாணவர்களிடம் இவ்விளையாட்டைக் கொண்டுசெல்வோர் ஆட்டம் முடிந்தபின் இரண்டு கேள்விகளையாவது கேட்கச் செய்ய வேண்டும். யார் யாரை நம்பினார், ஏன் நம்பினார் என்பது ஒன்று. பெல்ஜியத்திடமும் செர்பியாவிடமும் யாராவது கருத்துக் கேட்டார்களா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான விடையை விளையாட்டே தந்துவிடுகிறது. இரண்டாவதைக் கற்பிப்பவர்தான் எழுப்ப வேண்டியுள்ளது.