நடுச்சாம்பல் யாருடைய முகம்?

போர்ட்ரெய்ட் வகுப்பில் ரெண்டு சாதி முகங்கள் உண்டு. ஒன்று 'பியூட்டி', இன்னொன்று 'கேரக்டர்'. முன்னதுக்கு மாடல் வருவாள், குடை லைட் வரும், டச்சப் பெட்டி வரும். பின்னதுக்கு மாணவர்களை வேனில் ஏற்றிக் குப்பத்துக்கும் சேரிக்கும் கூட்டிக்கொண்டு போவார்கள். சுருக்கம் விழுந்த கிழவி, பொக்கைவாய், பீடிப்புகை. கறுப்பு வெள்ளையில் போட்டு, கான்ட்ராஸ்டை ஏற்றி, ஒவ்வொரு சுருக்கத்தையும் ஏர் ஓட்டின மாதிரி தோண்டி எடுத்தால் மார்க் விழும். அடியில் 'காத்திருப்பு' என்றோ 'காலத்தின் ரேகைகள்' என்றோ எழுதிவிடுவார்கள். அந்தக் கிழவிக்கு ஒரு பேர் இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு மாணவியின் பன்னிரண்டு படங்கள். ஆம்பூர்ப் பக்கத்துப் பெண், சென்னையில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறாள். பன்னிரண்டும் அவள் தெருச் சனங்க. 'அண்டர் எக்ஸ்போஸ், முகத்தை ரெண்டு ஸ்டாப் தூக்கிட்டு வா' என்று வகுப்பில் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். "தூக்கினா அது எங்கம்மா இல்லக்கா" என்றாள்.

அவள் சொன்னதை வெறும் பாசம் என்று தள்ளிவிட முடியாது. தொழில்நுட்பப்படியே அது சரி. கேமராவின் மீட்டருக்கு முகம் தெரியாது. எதைக் காட்டினாலும் அது 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிற நடுச்சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளைச் சுவர் முன்னால் கறுத்த ஆளை நிறுத்தினால் சுவரைப் பார்த்து ஒளியைக் குறைக்கும், முகம் கரியாகிவிடும். கறுத்த முகத்தையே ஃபிரேம் நிறையக் காட்டினால் வெளிச்சம் போதவில்லை என்று கூட்டும், முகம் சாம்பல் பூசினது போல வெளிறும். ஆக, எடுக்கிறவர்தான் திருத்த வேண்டும். வெளுத்த தோலுக்குச் சுமார் ஒரு ஸ்டாப் கூட்டணும், நல்ல கறுப்புக்கு ஒரு ஸ்டாப் குறைக்கணும். ஆன்சல் ஆடம்ஸ் வகுத்த ஸோன் அளவில்கூட வெயிலில் நிற்கும் வெள்ளைக்காரர் தோலுக்கு ஆறாம் படி, கறுத்த தோலுக்கு ஐந்தாம் படி என்று தனித்தனி இடம் இருக்கிறது. நம்ம வாத்தியார்கள் ஆறாம் படியை மட்டும் மனப்பாடம் பண்ணிவிட்டார்கள்.

இரண்டாவது படத்தைப் பாருங்கள். ஷூ கம்பெனியில் வேலை முடிந்து வந்த அம்மா வாசப்படியில் உட்கார்ந்திருக்கிறார். மகள் கன்னத்தில் ஸ்பாட் மீட்டர் வைத்து, அது சொன்னதில் ஒரு ஸ்டாப் குறைத்திருக்கிறாள். வாசல் வெளிச்சம் ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் கொடியில் காயும் அப்பாவின் வெள்ளை வேட்டிதான் ரிஃப்ளெக்டர். கறுத்த தோலில் முகத்தின் வடிவத்தைக் காட்டுவது நிழலைவிட மினுமினுப்புதான். கன்னத்து எலும்பு, நெற்றி, மூக்குத்தண்டு மூன்றிலும் அது அகலமாக, மெதுவாக இறங்குகிறது. நேர் ஃபிளாஷ் அடித்திருந்தால் எண்ணெய்ப் பொட்டாகச் சிதறியிருக்கும். இதைத்தான் 'அண்டர்' என்கிறார்கள்.

கருவியில் சாதி எங்கே வந்தது என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கோடாக் கம்பெனி கலர் லேப்களுக்கு நிறம் சரிபார்க்க ஒரு அட்டை அனுப்பியது. அதில் இருந்தவள் வெள்ளைக்காரப் பெண், அட்டைக்கே 'ஷெர்லி' என்று பேர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. ஸ்கூல் குரூப் போட்டோவில் கறுப்பினப் பிள்ளைகளின் முகம் தெரியவில்லை என்று பெற்றோர் சொன்னபோது நகராத கம்பெனி, சாக்லேட்காரரும் மரச்சாமான் வியாபாரியும் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் பிலிமைக் கவனித்தது என்பதை லோர்னா ராத் 2009இல் எழுதினார். பல நிறப் பெண்கள் உள்ள அட்டை வந்ததே 1990களில்தான்.

நம்ம பக்கக் கதை அதற்கும் பழையது. சென்னை மியூசியக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் சனங்களை நிறுத்தி மூக்கை அளந்தார், படம் எடுத்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' நூலில் படங்களுக்குக் கீழே பெரும்பாலும் இருப்பது சாதிப் பேர், ஆளின் பேர் இல்லை. கேரக்டர் போர்ட்ரெய்ட்காரர்கள் வைடு லென்ஸை முகத்துக்கு ஒரு முழத்தில் கொண்டுபோய் நீட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். அவ்வளவு கிட்டே போனால் மூக்கு பெருக்கும், காது சுருங்கும். லென்ஸைவிடத் தூரம்தான் அதற்குக் காரணம். இந்தப் பெண் 50 மி.மீ. லென்ஸோடு அஞ்சாறு அடி தள்ளி நிற்கிறாள். நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற தூரம்.

குறை சொல்லாமல் விட முடியாது. ஒன்பதாவது படத்தில் பறையோடு நிற்கும் தாத்தா. பின்னாலிருந்து வெளிச்சம், சுற்றிலும் புகை, கண் தெரியவில்லை. சனங்களைச் சனங்களே எடுத்தாலும் காலண்டர் படம் காலண்டர் படம்தான். ஊர்ப் பத்திரிகைகள் பறையடிப்பவருக்குக் கொடுக்கிற அதே புகையை இவளும் போட்டிருக்கிறாள். கக்கூஸ் (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பழனிக்குமாரின் படங்களையும், வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் 2020 ஊரடங்கில் தன் குடும்பத்தையே எடுத்த படங்களையும் அவள் பார்க்க வேண்டும். துக்கத்தைக் காட்டப் புகை தேவையில்லை என்பது அங்கே தெரியும்.

பதினொன்றாவது வேறு மாதிரி. வெள்ளைச் சட்டை யூனிஃபார்மில் ஒரு ஏழாங்கிளாஸ் பிள்ளை. சட்டையைக் காப்பாற்றினால் முகம் போகும். இவள் முகத்தைக் காப்பாற்றியிருக்கிறாள், காலர் லேசாக வெளுத்துப்போயிருக்கிறது. அந்த முடிவு சரி. பிள்ளை சிரிக்கவில்லை, அழவும் இல்லை, கேமராவை 'நீ யாரு?' என்கிற மாதிரி பார்க்கிறாள்.

தாத்தா படத்தை மட்டும் பகல் வெளிச்சத்தில் திரும்ப எடுக்கப் போகிறாள். மற்ற பதினொன்றையும் தூக்காமல் அப்படியே பிரிண்ட் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் அவரவர் பேரையும் வேலையையும் அவரவர் கையாலேயே எழுத வைத்திருக்கிறாள். அம்மா கையெழுத்து ஃபிரேமைத் தாண்டிப் போயிருக்கிறது, வெட்டவில்லை.