பழமுதிர்சோலை அருவி

திருமுருகாற்றுப்படையைப் பாராயண நூலாக மட்டும் கொள்வோர் அதன் இறுதிப் பகுதியை விரைந்து ஓதிக் கடப்பர். நக்கீரர் விரையவில்லை. கடல்மேல் எழும் கதிரவனில் தொடங்கிய 317 அடிப் பாட்டினைப் பழமுதிர்சோலை மலையருவியில் கொண்டுவந்து நிறுத்துகிறார். அவ்வருவியோ மென்மையானதன்று. தேனிறாலைச் சிதைக்கிறது, வாழையை முறிக்கிறது. முசு நடுங்குகிறது, பிடி குளிர்கிறது, கரடி கல்முழையில் ஒடுங்குகிறது.

அருள் வேண்டும் பாட்டில் இவ்வச்சக் காட்சி எதற்கு? வெறும் அணிநயம் என்னும் விடை எனக்கு நிறைவு தரவில்லை. அச்சமும் வியப்பும் பிரியாது நின்ற அவ்விடத்தேதான் குன்றவாணர் தெய்வத்தை உணர்ந்தனர். தொல்காப்பியம் மலைநிலத்தைச் சேயோனுக்கு உரித்தாக்கியதும் அவ்வுணர்வின் வழியே எனலாம்.

குன்றுதோறும் உறைபவன் முருகன் என்னும் எண்ணமே, ஊர்விட்டு வந்த நம்மையும் செகந்தராபாத்தின் ஸ்கந்தகிரிக்கு அழைத்துச் செல்கிறது. அக்குன்றில் அருவியில்லை, தக்காணத்துப் பாறையும் வெயிலுமே உள. இங்குப் பிறந்த நம் பிள்ளைகளுக்கு அருவியைக் காட்ட அப்பாட்டுத்தான் இருக்கிறது. அவ்வடிகளையா பொருள் கூறாது கடப்பது?